கெட்டி ஆயில் ஊற்றினால் புகை நிற்குமா?

"ஏனுங்கண்ணா, கொஞ்சம் கெட்டியான ஆயிலா ஊத்தீட்டா புகை நின்னுடும்ங்கறாங்களே, நெசமுங்களா?"

கேட்டவர் திருப்பூரில் நான்கு நிட்டிங் மெஷின் வைத்திருக்கும் நண்பர். கார், அவருடைய அப்பா ஓட்டிய மாருதி 800. 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. விற்க மனசில்லை, இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கக் கையில் காசும் இல்லை.

"உங்க மெஷினுக்கு என்ன நீடில் ஆயில் ஊத்தறீங்க?" என்றேன்.

"மெஷின்காரங்க சொன்ன நம்பர்தானுங்க. அதைவிடக் கெட்டியா ஊத்துனா மெஷின் சூடாயிருமே!"

காருக்கும் அதே நியாயம்தான். ஆனால், நீடில் ஆயில் டின்னில் இருக்கும் எண்ணும் கார் ஆயில் எண்ணும் வேறு வேறு அளவுகோல். இரண்டையும் ஒப்பிட வேண்டாம்.

கார் ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40 என்று இருந்தால், முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. நம் ஊரில் பனி உறையப் போவதில்லை. 20 தாராளமாகப் போதும். இரண்டாவது எண்தான் முக்கியம். இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை அது காட்டுகிறது. காரோடு வந்த புத்தகம் 40 என்றால் 40-தான். விலை அதிகம் என்பதற்காக 0டபிள்யூ-20 ஊற்றாதீர்கள். அது இடைவெளி மிகக் குறைவான புது இன்ஜின்களுக்கானது.

ஏ.பி.ஐ. என்ற குறியையும் பாருங்கள். 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் வண்டிக்கு. 'சி' என்றால் டீசலுக்கு. டெம்போவுக்கு வாங்கியதில் மீந்ததைக் காரில் ஊற்ற வேண்டாம்.

சரி, புகை? நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து, சற்று நேரத்தில் நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல் இறுகிப்போயிருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும். 40-லிருந்து 50-க்குப் போனால் புகை சற்றுக் குறையலாம், ஆனால் தேய்ந்தது தேய்ந்ததுதான். கெட்டி ஆயில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏறத் தாமதமாகும். அந்த நேரத்தில்தான் தேய்மானம் அதிகம். மெக்கானிக் பார்த்துச் சொல்லாமல் மாற்றாதீர்கள்.

நண்பரின் காரில் காலைப் புகை மட்டும்தான். வால்வு சீலை மாற்றியதோடு வேலை முடிந்தது. இன்ஜினைப் பிரிக்கவில்லை, ஆயிலும் பழைய எண்ணே.

ஆனால், ஒன்றை அவர் மறந்திருந்தார். வீட்டிலிருந்து யூனிட்டுக்கு 3 கிலோமீட்டர். கார் ஓடுவது அவ்வளவுதான். கிலோமீட்டர் ஏறவில்லையே என்று ஆயிலை மாற்றாமலே விட்டிருந்தார். குறைந்த தூரத்தில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும். அதனால் கிலோமீட்டரோ, மாதக் கணக்கோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை, இன்ஜின் ஆறிய பிறகு, சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் ஒர்க் ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள். நொய்யல் பட்டது போதும்.