கணினி மானிட்டர்களின் வெளிச்ச அமைப்பையும் மின்செலவு லேபிளையும் முறைப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர் மற்றும் செயலாளர்,
கணினி விற்பனை – சர்வீஸ் தொழில் செய்வோர் சங்கம்,
மதுரை.

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வாங்கும் மானிட்டர்களைச் சிக்கன அமைப்பில் வழங்குதல்; மின்செலவையும் நச்சுப் பொருள் விவரத்தையும் லேபிளில் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

அலுவலகம், பள்ளி ஹைடெக் லேப், இ-சேவை மையம் எங்கும் மானிட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்துவதும், பழுதானால் கழற்றுவதும் எங்கள் சங்க உறுப்பினர்களின் அன்றாட வேலை. அந்த அனுபவத்தில் கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டு வருகிறோம்.

இன்றைய நிலை

1. சாதாரண எல்.சி.டி. மானிட்டர் எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு பேக்லைட்டுக்கே போகிறது. பிரைட்னஸைக் கூட்டினால் செலவு கூடும், குறைத்தால் குறையும். கறுப்புப் படம் ஓடும்போதும் பேக்லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும் என்பதால் ஸ்கிரீன் சேவர் போடுவதால் மிச்சம் ஒன்றும் இல்லை. திரையே அணைந்தால்தான் மிச்சம்.

2. நாங்கள் பொருத்தும் மானிட்டர்களில் பல, கடையில் பளிச்சென்று தெரிவதற்கான அமைப்பிலேயே வந்து சேர்கின்றன. டியூப் லைட் எரியும் அறைக்கு அவ்வளவு வெளிச்சம் வேண்டியதில்லை. ஊழியர் கண் எரிகிறது என்று சொல்லி அழைக்கும்போது, மெனு பட்டனை அழுத்தி ‘விவிட்’டை ‘ஸ்டாண்டர்ட்’டுக்கு மாற்றுகிறோம். திரையருகே வெள்ளைத் தாளைப் பிடித்து, தாளும் திரையும் ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறைக்கிறோம். பிளக்கில் வாட் மீட்டர் மாட்டியிருந்தால் எண் இறங்குவதை அங்கேயே பார்க்கலாம். ஒரு மானிட்டருக்கு 10 வாட் குறைந்தால்கூட, நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 வேலை நாள் என்ற கணக்கில் 20 யூனிட் மிச்சம். ஆயிரம் மானிட்டர்களுக்கு 20,000 யூனிட்.

3. மானிட்டர் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்ற விவரம் வாங்குபவருக்குக் கிடைப்பதில்லை. பல மானிட்டர்களின் முதுகில் ‘100–240 வோல்ட், 1.5 ஆம்பியர்’ என்பதுபோல ஒரு வரிதான் இருக்கிறது. அது மின் இணைப்புக்கான உச்ச அளவு. 230 வோல்ட்டால் பெருக்கினால் 345 வாட் என்று வரும். சாதாரண அலுவலக மானிட்டர் அதில் பத்தில் ஒரு பங்குகூட எடுக்காது. பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் பாதுகாப்புக்கு அத்தாட்சி. மின்செலவைப் பற்றி அது பேசுவதில்லை.

4. பி.இ.இ. எனப்படும் மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் தொடங்கிய நட்சத்திர லேபிளை ஏ.சி., ஃபிரிட்ஜ் வாங்கும் மக்கள் கேட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். மானிட்டர் வாங்கும்போது அந்தப் பழக்கம் வராததற்குக் காரணம், அதில் பார்ப்பதற்கு லேபிள் இல்லாததே.

5. இது புதிய யோசனை அன்று. அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் 1992-இல் கணினியையும் மானிட்டரையும் கொண்டே தொடங்கியது. அதே ஆண்டு ஸ்வீடன் ஊழியர் கூட்டமைப்பான டி.சி.ஓ., மானிட்டருக்குத் தன் சான்று முத்திரையைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், 1,000 மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்று மானிட்டர் லேபிளிலேயே அச்சிட வேண்டும். முதல்முறை இயக்கும்போது வரும் மெனுவில், அதிக மின்சாரம் எடுக்கும் அமைப்பைத் தேர்ந்தால், செலவு கூடும் என்று எச்சரித்து ஒப்புதல் கேட்க வேண்டும் என்பதும் அங்கே விதி.

6. நமது மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022, ஈயம், பாதரசம் போன்றவற்றுக்கு 0.1 சதவீதமும் காட்மியத்துக்கு 0.01 சதவீதமும் உச்சவரம்பு வைத்துள்ளன. ஆனால் எல்.இ.டி.க்கு முந்தைய மானிட்டர்களின் பேக்லைட் குழல்களில் பாதரசம் உண்டு. கழற்றும்போது குழல் உடைந்தால் பாதரசத்தைச் சுவாசிப்பவர் மெக்கானிக். வெளியிலிருந்து பார்த்து எது குழல், எது எல்.இ.டி. என்று சொல்லிவிட முடியாது.

ஆய்வகத்தில் அளந்த அளவும் மேசையில் ஓடும் அளவும் ஒன்றாக இருந்தால்தான் லேபிளுக்கு மதிப்பு. ஆகவே லேபிளையும் அமைப்பையும் சேர்த்தே முறைப்படுத்த வேண்டுகிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

1. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட்டின் டெண்டர்களில், மானிட்டர் பிரைட்னஸ் குறைந்த சிக்கன அமைப்பிலேயே வர வேண்டும், கணினி 10 நிமிடம் சும்மா இருந்தால் திரை அணைய வேண்டும், காத்திருப்பு நிலையில் 0.5 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என நிபந்தனை சேர்க்க வேண்டும்.

2. இன்ஸ்டாலேஷன் ரிப்போர்ட்டில் ‘வெளிச்ச அமைப்பு சரிபார்க்கப்பட்டது’ என்ற வரியும் பயனாளர் கையொப்பமும் இருந்தால்தான் பில் பாஸாக வேண்டும்.

3. வந்திறங்கும் சரக்கில் சிலவற்றை வாட் மீட்டர் வைத்துச் சோதிக்க வேண்டும்.

4. 1,000 மணி நேர மின்செலவு, பெட்டியிலிருந்து வந்த அமைப்பிலேயே அளந்ததாக, தமிழிலும் அச்சிடப்பட வேண்டும். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பதால் மானிட்டரிலேயே ஒட்ட வேண்டும்.

5. மானிட்டருக்கு நட்சத்திர லேபிளைக் கட்டாயமாக்குமாறு மத்திய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

6. பவர் போர்டு, கெப்பாசிட்டர் போன்ற உதிரிபாகங்கள், மாடல் நின்ற பிறகும் ஐரோப்பாவில் உள்ளதுபோல 7 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். கெப்பாசிட்டர் வீங்கியதற்காக மானிட்டரையே கழிக்கும் நிலை மாற வேண்டும்.

7. அரசு அலுவலகங்களில் கழிக்கும், குழல் பேக்லைட் உள்ள பழைய மானிட்டர்களில் ‘பாதரசம் உள்ளது’ என்று எழுதி ஒட்டி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும்.

முதல் இரண்டு கோரிக்கைகளுக்குப் புதிய சட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை. துறைச் சுற்றறிக்கையே போதும். தாங்கள் குறிப்பிடும் ஓர் அலுவலகத்தில், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வாட் மீட்டரில் அளந்து காட்ட எங்கள் உறுப்பினர்கள் கட்டணமின்றி வரத் தயாராக உள்ளனர். அதற்கு அனுமதியும், நேரில் விளக்க ஒரு நாளும் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.



இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் | செயலாளர்

நகல்:
மேலாண்மை இயக்குநர், எல்காட், சென்னை.
தலைமை மின் ஆய்வாளர், தமிழ்நாடு அரசு, சென்னை.
தலைமை இயக்குநர், எரிசக்தித் திறன் பணியகம், புதுதில்லி.