மாரி காட்டிய குறை

ஆடி மாதத்திற் பார்த்து வாங்கிய வீடு, கார்த்திகை மழை பிடித்ததும் தன் உண்மை உருவைக் காட்டிவிட்டதென்று வீரமுனையிலிருந்து நேயர் ஒருவர் எமக்கு எழுதியிருக்கின்றார். மூத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தற்கென, வயல் விற்ற பணத்தையும் வாழ்நாட் சேமிப்பையும் சேர்த்து அவர் வாங்கிய வீடு அது. தை மாதத்திற் கல்யாணம். இப்போது மேற்கு அறைச் சுவரில் மேலிருந்து கீழாக வெடிப்பு ஓடுகின்றது. தரையும் ஒருபுறம் தாழ்ந்துவிட்டது. பழைய வெடிப்பொன்று சாந்தினாலும் தீந்தையினாலும் மறைக்கப்பட்டிருந்தமை, பூச்சு உதிர்ந்த பின்னரே தெரியவந்ததாம். அவ்வளவு முன்னர் வயலாய் இருந்து நிரவப்பட்டதென்று அயலார் இன்று சொல்கின்றனர். உறவினர் சிலரோ, "மீண்டும் பூசி வேறொருவருக்கு விற்றுவிடு" என்று புத்தி கூறுகின்றனர். "உறுதி முடிந்துவிட்டது, இனி வழியுண்டா?" என்பது அவர் வினா.

எம் கீழ்க்கரையிலே தமிழராயினும் முஸ்லிம்களாயினும் பெண்ணுக்கு வீடு கொடுத்தல் நெடுங்கால வழக்கம். ஆதலின் வீட்டிலுள்ள குறை சுவரோடு நில்லாது, குடும்பத்தின் நிம்மதியையும் தொடுகின்றது. நேயருக்கு நாம் கூறும் விடை: வழியுண்டு.

பண்டை உரோமாபுரியிலே சந்தையை மேற்பார்வை செய்த அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் குறைகளை வெளிப்படச் சொல்லவேண்டுமென விதித்தனர். காலப்போக்கில் அவ்விதி ஏனைய பொருள்களுக்கும் காணி வீடுகளுக்கும் உரியதாயிற்று. 1638ஆம் ஆண்டு மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தரின் சட்டமும் இதனையே தழுவியது. 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஆங்கிலேயர் அச்சட்டத்தை நிலைக்கச் செய்தனர். இன்றும் இலங்கையில் வீடு விற்றல் வாங்கலிற் பிணக்கு நேர்ந்தால், இரு திறத்தாரும் எவ்வினத்தவராயினும், உரோம ஒல்லாந்தச் சட்டமே பேசும். இஸ்லாமிய வணிக நெறியிலும், குறை கண்டபின் கொள்வினையை முறிக்கும் உரிமை 'கியாறுல் ஐப்' என்னும் பெயரில் உண்டென்பதை நேயர்கள் பலர் அறிவர்.

சட்டம் முதலிற் கேட்பது, குறை வெளிப்படையானதா, மறைந்ததா என்பதே. வாங்குமுன் சாதாரணமாகப் பார்த்தாலே தெரிந்திருக்கக்கூடிய ஒழுக்குக்கும் ஓட்டைக்கும் வாங்கியவரே பொறுப்பாவார். கவனத்தோடு பார்த்தும் தெரியாததாய், விற்கும்போதே இருந்ததாய், வீட்டின் பயனை அல்லது மதிப்பைக் குறைப்பதாய் உள்ளதே மறைகுறை. அத்தகைய குறையை விற்றவர் அறியாதிருந்தாலும் அவர் பொறுப்பு நீங்காது. இதனைப் பலர் அறியார்.

பரிகாரம் இருவகைப்படும். அறிந்திருந்தால் வாங்கியேயிருக்கமாட்டோம் என்னுமளவு குறை பெரிதாயின், வீட்டைத் திருப்பிக் கொடுத்து விலையை மீளக் கேட்கலாம். வாங்கியிருப்போம், ஆயினும் இவ்விலைக்கன்று என்னும் நிலையாயின், வீட்டை வைத்துக்கொண்டு, கொடுத்த விலைக்கும் குறையோடு கூடிய மதிப்புக்கும் உள்ள வேற்றுமையைக் கேட்கலாம். குறையை அறிந்தே மறைத்தார் என்பது நிரூபிக்கப்பட்டால், அதனால் விளைந்த நட்டத்தையும் விற்றவர் ஈடுசெய்யவேண்டும். "உள்ளது உள்ளபடி" விற்கப்பட்டதென்று உறுதியில் எழுதியிருந்தால், அவ்வாசகம் நேர்மையாளரைக் காக்கும்; தெரிந்து மறைத்தவரைக் காக்காது. நேயரின் வீட்டிலே பழைய வெடிப்பின்மேற் பூசிய சாந்து யார் காலத்தது என்பதே முக்கிய வினாவாகும்.

ஆதலால் அவர் உடனே செய்யற்பாலன சில. வெடிப்பைப் பூசி மறைத்தலாகாது. இடிந்து விழும் அபாயமிருந்தால் முட்டுக்கொடுத்தல் போதும். நாட்குறிப்போடு படம் எடுத்தல் வேண்டும். தகுதிபெற்ற பொறியியலாளர் ஒருவரை அழைத்துக் குறையின் காரணம், வயது, திருத்தச் செலவு ஆகிய மூன்றையும் எழுத்திற் பெறுதல் வேண்டும். முன்னர் வேலை செய்த மேசனின் சாட்சியமும் பெரிதும் உதவும். பின்னர்ச் சட்டத்தரணி மூலம் விற்றவருக்குப் பதிவுத் தபாலிற் கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம். சிறு தொகைப் பிணக்காயின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபையை முதலில் நாடவேண்டும். பெருந்தொகையாயின் காணி அமைந்த பகுதிக்குரிய மாவட்ட நீதிமன்றமே இடம். வசதி குறைந்தோர்க்குச் சட்ட உதவி ஆணைக்குழு துணைபுரியும். வழக்கிடுங் காலவெல்லையை 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்துள்ளது. ஆனால் குறையை அறிந்தபின் வாளாவிருந்து வீட்டை அனுபவிப்பவரின் வழக்கு நாளுக்கு நாள் வலுவிழக்கும்.

இனி வாங்கவிருப்போர்க்கும் இரண்டு சொல்வோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படாத காணி விற்பனை செல்லாது. எழுதியதற்கு மாறான வாய்ச்சொல்லை, மோசடி முதலிய சிலவற்றுக்கன்றி, நீதிமன்றம் ஏற்பதில்லை. எனவே "அத்திவாரம் உறுதியானது", "வயல் நிரவியதன்று" என்பன போன்ற வாக்குகளை எழுத்திலே வாங்குக. மற்றையது, முத்திரை வரிக்கு அஞ்சி உறுதியில் விலையைக் குறைத்தெழுதுவிப்போர், பின்னர் முழுப்பணத்தையும் மீளக் கேட்கும் நாளிலே தம் உறுதியே தமக்கு எதிர்ச்சாட்சியாவதைக் காண்பர். இயன்றால் வீட்டை ஒரு முறை மாரியிலும் பார்த்து வாங்குவது நன்று.

உறவினர் கூறிய புத்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். இன்று நேயர் ஏமாந்தவர். சட்டம் அவர் பக்கம் நிற்கின்றது. பூசி மறைத்து விற்பாராயின், நாளை குறையை அறிந்தே மறைத்த விற்பனையாளர் அவரே. நட்ட ஈடும் அவர்மேல் வரும். மேலும், அவரைப்போலவே மகளுக்கு வீடு தேடும் இன்னொரு தந்தையன்றோ அவரிடம் வாங்க வருவார்! மாப்பிள்ளை வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லித் தவணை கேட்பதே நாம் கூறும் வழி. வீட்டைத் திருத்த நாட்கள் செல்லலாம். மறைத்ததை அவர்கள் பின்னர் அறிந்தால் அந்த மனவேறுபாட்டைத் திருத்துதல் எளிதன்று.