குடல்வாலுக்குச் சட்டம் இருக்கு, குடும்பச் சேமிப்புக்கு இல்ல

1/ நான் வக்கீல் இல்ல. செய்யூர்ல அரசு மருத்துவர். ஆனாலும் ஃப்ரான்சைஸ் பத்தி ஒரு த்ரெட். கூவத்தூர்லேர்ந்து கடப்பாக்கம் வரைக்கும் ஈசிஆர்ல பிராண்டு போர்டு மாட்டின டீக்கடை, பிரியாணிக் கடை, லேப் கலெக்‌ஷன் சென்டர் பெருகிக்கிட்டே போகுது. அதுல நொடிச்சுப்போனவங்க தூக்கம் வரல, பிரஷர் ஏறிடுச்சுன்னு வந்து நிக்கிறது எங்க ஓபி வரிசையிலதான்.

2/ ஒருத்தருக்குக் குடல்வால் ஆபரேஷன் பண்ணணும்னா நான் வெறும் கையெழுத்து மட்டும் வாங்கினா போதாது. என்ன செய்யப் போறோம், ஏன், மாற்று வழி என்ன, ஆபத்து என்ன, செய்யலன்னா என்ன ஆகும், எல்லாத்தையும் விளக்கணும். 2008-ல சமீரா கோலி வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது இது. நல்ல தீர்ப்பு.

3/ ஆனா நகையை அடகு வெச்சு 10 லட்சம் கொண்டுவர்றவர்கிட்ட, "இதுவரை எத்தனை கிளை மூடியிருக்கோம்"னு சொல்ல வேண்டிய கட்டாயம் பிராண்டுக்காரருக்கு இல்ல. ஏன்னா இந்தியாவுல ஃப்ரான்சைஸுக்குன்னு தனிச் சட்டமே கிடையாது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 1999-ம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டம்னு ஒட்டுப்போட்டு ஓட்டறோம்.

4/ பெயருக்குப் பாதுகாப்பு வேணும், மறுக்கல. 1957-ல திண்டுக்கல்ல ஆரம்பிச்ச தலப்பாக்கட்டி, தன் பெயரைக் காப்பாத்த சென்னை உயர் நீதிமன்றம் வரை போச்சு. உழைச்சுச் சேர்த்த பெயர், போராடறது நியாயம். என் கேள்வி வேற: அதே மாதிரி ஒரு பெயரை நம்பிப் பணம் போட்டவனை யார் காப்பாத்தறது?

5/ ஃப்ரான்சைஸ்னா பெயரை வாடகைக்கு எடுக்கறது. கடை உங்களுது, கடன் உங்களுது, பெயர் அவங்களுது. 2017-ல மெக்டொனால்ட்ஸ், வட, கிழக்கு இந்தியாவுல விக்ரம் பக்‌ஷியோட கூட்டு நிறுவனம் நடத்தின 169 கடைகளோட ஒப்பந்தத்தை ரத்து பண்ணுச்சு. பெயர், சின்னம், ரெசிபி எதையும் 15 நாளுக்கு அப்புறம் பயன்படுத்தக் கூடாதுன்னு நோட்டீஸ். 2019-ல சமரசத்துலதான் முடிஞ்சது. அவர் பெரிய முதலாளி, வருஷக்கணக்கா வழக்கு நடத்தினார். நம்ம ஊர்க்காரரால ஆறு மாசம் தாங்க முடியுமா?

6/ "படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டார்?" இதுதான் எல்லாரும் கேக்கறது. படிக்க அவர்கிட்ட என்ன கொடுத்தாங்க? நாப்பது பக்க இங்கிலீஷ் ஒப்பந்தம். அதுல தகராறு வந்தா வேற மாநிலத்துல மத்தியஸ்தம். ஆபத்தைச் சொல்லாம வாங்கின கையெழுத்தை நாங்க சம்மதம்னு சொல்றதில்ல.

7/ மலேசியாவுல 1998-லேயே ஃப்ரான்சைஸ் சட்டம் வந்தாச்சு. கையெழுத்துக்குக் குறைஞ்சது 10 நாள் முன்னாடி விவர ஆவணம் கொடுக்கணும். போட்ட பிறகும் மனசு மாறினா விலக 7 வேலை நாளாவது அவகாசம். அமெரிக்காவுல 14 நாள் முன்னாடி கொடுக்கணும்; போன வருஷம் விலகினவங்களோட பெயரும் தொடர்பும் அதுல இருக்கணும். இங்க அந்த ஒரு பட்டியல் இருந்தாலே பாதிப் பேர் தப்பிச்சிருவாங்க.

8/ அந்த மாதிரி சட்டம் வர்ற வரைக்கும் மூணு விஷயம்:

அ) வணிகச் சின்னப் பதிவேட்டுல ஆன்லைன்ல இலவசமாத் தேடலாம். பெயர் யார் பேர்ல, எந்த வகுப்புல இருக்கு? பதிவாயிடுச்சா, இல்ல எதிர்ப்புல நிக்குதா? 'டிஎம்'னு யார் வேணா போட்டுக்கலாம். பதிவாகாம வட்டத்துக்குள்ள 'ஆர்' போட்டா அபராதத்துக்கு வழி இருக்கு.

ஆ) கடையை மூடினவங்க ரெண்டு பேரைத் தேடிப் பிடிச்சுப் பேசுங்க. கம்பெனி காட்டற ஜெயிச்ச கடை மட்டும் போதாது.

இ) "ஒப்பந்தம் முடிஞ்சாலும் இதே தொழில் பண்ணக் கூடாது"ங்கிற ஷரத்து, ஒப்பந்தச் சட்டம் 27-ம் பிரிவுப்படி பொதுவா செல்லாது. ஆனா அவங்க பெயரையும் ரகசிய ரெசிபியையும் தொடக் கூடாது.

9/ பெயரைத் திருடறவனுக்குச் சட்டம் இருக்கு. பெயரைக் காட்டி விவரத்தை மறைக்கறவனுக்கும் ஒண்ணு வேணும். உங்க தொகுதி எம்பி-கிட்ட கேளுங்க. வீட்ல யாராவது முன்பணம் கட்டப் போறாங்கன்னா, அதுக்கு முன்னாடி இதைக் காட்டுங்க.