ஒக்டேன் போத்தலும் உம்மாவின் காசும்



இரண்டு வாரத்துக்கு முன் உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருவனின் பையில் இருந்து சின்னப் போத்தல் ஒன்று விழுந்து மேசைக்கடியில் உருண்டது. இப்போதிருக்கிற காலத்தில் மாணவனின் பையில் இருந்து எது விழுந்தாலும் எங்களுக்கு நெஞ்சு திக்கென்கிறது. எடுத்துப் பார்த்தோம். "சேர், அது ஒக்டேன் பூஸ்டர். பைக்குக்கு ஊத்துறது" என்றான். அல்ஹம்துலில்லாஹ், வேறொன்றும் இல்லை என்று பெருமூச்சு விட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

பிறகுதான் விலையை விசாரித்தோம். நாலாயிரத்துச் சொச்சம் ரூபா. கொழும்பில் இருந்து டெலிவரியில் வருகிறதாம். மாதம் ஒன்று வாங்குகிறானாம். அவனுடைய உம்மா சவூதியில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். வாப்பா கடலுக்குப் போகிறவர். அவன் ஓட்டுவது ஒரு பழைய பல்சர் 150.

அவன் யார் என்று கேட்டு யாரும் இன்பொக்ஸுக்கு வர வேண்டாம். ஒருவன் என்றால் நாங்கள் இதை எழுதியிருக்கவே மாட்டோம். பின்னேரம் கடற்கரைப் பக்கம் போய் நின்று பாருங்கள், எத்தனை பேர் இந்தக் கதையைப் பேசுகிறார்கள் என்று. "95 அடி மச்சான், அதோட இதையும் ஊத்து, பறக்கும்."

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நமது தெருக்களில் ஓடும் பைக்குகளுக்கு இந்தப் போத்தல் தேவையில்லை. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 95 பெற்றோலும் தேவையில்லை. விற்கிறவருக்கு அது தெரியும். வாங்குகிற பிள்ளைக்குத் தெரியாது. சொல்லிக் கொடுக்க வேண்டிய நாங்கள் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டோம்.

பெற்றோல் செட்டில் 92, 95 என்று இரண்டு பம்ப் நிற்கிறது. அதைப் பரீட்சைப் புள்ளி மாதிரிப் பார்த்துப் பழகிவிட்டோம். 92 எடுத்தவனை விட 95 எடுத்தவன் கெட்டிக்காரன்! அந்த எண் பெற்றோலின் சக்தியை அளப்பதே இல்லை. பிஸ்டன் மேலே வந்து பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை அமுக்குகிறது. அமுக்கினால் சூடாகும். பிளக் தீப்பொறி கொடுத்ததும் நெருப்பு ஓரிடத்தில் தொடங்கி ஒழுங்காகப் பரவ வேண்டும். அந்த நெருப்பு வந்து சேர முன்னமே மூலையில் இருக்கும் கலவை சூட்டிலும் அமுக்கத்திலும் தானாகப் பற்றிக்கொண்டால் எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம் வரும். அதுதான் நொக்கிங். அப்படித் தானாகப் பற்றாமல் ஒரு பெற்றோல் எவ்வளவுக்குத் தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்வதுதான் ஒக்டேன் எண். ஐசோ ஒக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். 92 என்றால், 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை தாங்குகிற அளவுக்குத் தாங்கும். அவ்வளவுதான். 95 இல் ஒளித்து வைத்த குதிரைச் சக்தி ஒன்றும் இல்லை.

பதினோராம் தரத்தில் ஐதரோகாபன் படிப்பிக்கிறோம். கட்டமைப்பு வரைகிறார்கள், பெயர் எழுதுகிறார்கள், புள்ளி எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளையே செட்டுக்குப் போய் 95 ஐப் பார்த்து மயங்கி நிற்கிறான் என்றால் பிழை அவனிடம் மட்டும் இல்லை.

அமுக்கம் கூடிய எஞ்சினுக்குத்தான் கூடிய ஒக்டேன் தேவை. டர்போ பூட்டிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஒருவர் 95 அடிப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காரின் எஞ்சினில் நொக்கிங்கைக் கேட்கும் சென்சர் இருக்கும். குறைந்த ஒக்டேன் ஊற்றினால் அதன் கம்பியூட்டர் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும். அப்போது இழுவை குறையும். 95 ஊற்றினால் இழந்த இழுவை திரும்பி வரும். அப்படியான கார்கள் நமது ஊரில் எத்தனை? விரல் விட்டு எண்ணக்கூட ஒரு கை தேவைப்படாது.

பல்சர் 150 இன் அமுக்க விகிதம் 9.5 க்கு 1. அதற்கு அந்தச் சென்சரும் இல்லை. நீங்கள் 95 ஊற்றினாலும் 100 ஊற்றினாலும் அது தீப்பொறியை முன்தள்ளப் போவதில்லை. ஊற்றியது 95 என்பதே அந்த எஞ்சினுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த பைக்குகள் எங்கே செய்யப்பட்டவை? இந்தியாவில். அங்கே சாதாரண பெற்றோலுக்கு முன்பு விதித்திருந்த ஆகக் குறைந்த ஒக்டேன் 91. நமது செட்டில் கிடைக்கும் ஆக மலிவான பெற்றோலே அதைவிட ஒன்று கூட. வெகன் ஆர், விட்ஸ் வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் இதே கணக்குத்தான். ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கான கீழ் எல்லை 89. அந்தப் பெற்றோலில் அங்கே வருடக்கணக்காக ஓடிவிட்டு வந்த காருக்கு இங்கே வந்ததும் 95 கேட்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் கஞ்சி குடித்தவர் மாமி வீட்டில் பிரியாணி கேட்ட கதை.

ஆர் 15 ஓட்டும் தம்பிமார் இப்போது கோபப்படுவார்கள். "எங்கட கொம்ப்ரஷன் 11.6 சேர்!" உண்மைதான், வீ 3 க்கு 11.6 தான். ஆனால் அதுவும் இந்தியாவில் அந்த ஊர் சாதாரண பெற்றோலில்தான் ஓடுகிறது. தண்ணீரால் குளிரூட்டி, அதற்கேற்பச் செய்த எஞ்சின் அது. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். கையேட்டில் 95 என்றிருந்தால் 95 அடியுங்கள், நாங்கள் தடுக்கவில்லை. போத்தல் ஊற்றச் சொல்லி அதில் இருந்தால் எங்களுக்கும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

இதை நம்மை விட நன்றாக அறிந்தவர்கள் நமது கரையில் இருக்கிறார்கள். கடலுக்குப் போகும் வாப்பாமாரைக் கேளுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலை விட எவ்வளவோ குறைவு. அப்படியிருந்தும் அந்த எஞ்சின் அலையைக் கிழித்துக்கொண்டு போகிறதே, எப்படி? அமுக்கத்தைக் குறைத்து மண்ணெண்ணெய்க்கென்றே செய்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு எது பொருத்தமோ அதை ஊற்றினால் அது தன் வேலையைச் செய்யும். வாப்பா கடலில் தினமும் நிரூபிக்கும் விசயத்தை மகன் யூடியூப்பில் பிழையாகப் படித்துக்கொண்டு வருகிறான்.

அந்த வாப்பாமாருக்கு 2022 ஐ ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அந்த வருடம் ஜூன் மாதம் 92 ஒரு லீற்றர் 470 ரூபா, 95 ஒரு லீற்றர் 550 ரூபா. ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் இருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறியது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. கியூ ஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அந்த நான்கு லீற்றருக்காக வரிசையில் நின்று ஸுபஹைத் தெருவில் தொழுதவர்கள் நாம். அன்று 92 கிடைத்தாலே போதும் என்று துஆ கேட்ட நமக்கு இன்று 92 மட்டமாகிவிட்டது. இங்கே 95 கிடைக்காத நாளில் அதற்காகவே திருகோணமலைக்குப் போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். போக வர நூறு கிலோமீற்றருக்கு மேல். அந்தப் பயணத்தில் எரிந்த பெற்றோலின் ஒக்டேன் எத்தனை என்று அவர்களிடம் கேட்க ஆசை.

இனிப் போத்தலுக்கு வருவோம்.

லேபலில் "30 பொயின்ற் கூட்டும்" என்று போட்டிருக்கும். படிக்கிறவன் 92 உடன் 30 ஐக் கூட்டி 122 என்று நினைப்பான். அங்கேதான் விளையாட்டு. அவர்களுடைய கணக்கில் பத்துப் பொயின்ற் சேர்ந்தால்தான் ஒரு ஒக்டேன். 30 பொயின்ற் என்றால் 92 அதிகமாகப் போனால் 95 ஆகும். அதே 95 செட்டில் லீற்றருக்குக் கொஞ்ச வித்தியாசத்தில் கிடைக்கிறது. பன்னிரண்டு லீற்றர் டாங்கியை 95 ஆல் நிரப்பினால் மேலதிகச் செலவு போத்தலின் விலைக்குக் கிட்டவும் வராது. அதற்கு நாலாயிரம் கொடுக்கிறோம்! வேண்டாத ஒன்றை வாங்குவது ஒரு பிழை. அதைப் பல மடங்கு விலைக்கு வாங்குவதற்கு என்ன பெயர் வைப்பது? நமது கரையின் இல்மனைற்றை மண்ணாகவே கப்பலில் ஏற்றிவிட்டு, யாரோ கலந்த திரவத்தைப் பொன் விலைக்கு வாங்குகிறோம். வியாபாரம் தெரியாத சமூகம் என்று இனி யாரும் நம்மைச் சொன்னால் கோபிக்க முடியாது.

காசோடு முடிந்தாலும் பரவாயில்லை. இந்தப் போத்தல்கள் பலவற்றில் இருப்பது மங்கனீஸ் சேர்ந்த ஒரு சேர்வை, அல்லது பெரொசீன் என்ற இரும்புச் சேர்வை. எரிந்த பிறகு உலோகம் காற்றோடு மறைந்துவிடாது. பிளக்கின் முனையில் செங்கல் நிறத்தில் படியும். படிந்தால் தீப்பொறி பலவீனமாகும், வண்டி இடறும். கார் என்றால் ஒட்சிசன் சென்சரும் புகையைச் சுத்தம் செய்யும் கன்வேர்ட்டரும் பழுதாகும். பெரும்பாலும் இவை காரின் நாற்பது ஐம்பது லீற்றர் டாங்கிக்கு அளந்து அடைத்தவை. நமது பிள்ளைகள் பைக் டாங்கியில் கண் மட்டத்துக்கு ஊற்றுகிறார்கள். வண்டி இடறத் தொடங்கியதும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? "பூஸ்டர் காணாது" என்று இன்னும் கொஞ்சம்.

அந்த மங்கனீஸ் சேர்வை தோலில் பட்டாலும் ஆவியாக மூக்கில் ஏறினாலும் நஞ்சு. மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கிறவர்களைக் கண்டிருக்கிறோம். வெறும் போத்தலை வீட்டில் தண்ணீர் எடுக்க வைத்திருப்பதையும் கண்டிருக்கிறோம். தயவுசெய்து இன்றே எடுத்து எறியுங்கள்.

உலகம் இந்தப் பாடத்தை ஒருமுறை படித்துவிட்டது. 1921 இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தில் தோமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைப் பெற்றோலில் கலந்தால் நொக்கிங் நிற்கும் என்று கண்டார். 1923 இல் அவரே ஈய நஞ்சேறி ஓய்வெடுக்க வேண்டி வந்தது. 1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சியில் அந்தத் திரவத்தைக் கையாண்ட தொழிலாளர்கள் 5 பேர் புத்தி பேதலித்து இறந்தார்கள். அதே மாதம் மிட்ஜ்லி பத்திரிகையாளர் முன்னால் அந்தத் திரவத்தில் கைகழுவிக் காட்டி, ஆபத்தில்லை என்றார். அந்தக் கைகழுவலை நம்பிய உலகம் பல பத்து வருடங்கள் குழந்தைகளின் மூளைக்குள் ஈயத்தை ஏற்றியது. இலங்கை 2002 இல் நிறுத்தியது. கடைசியாக அல்ஜீரியா 2021 இல் நிறுத்தியது. இன்றைய போத்தலில் ஈயம் இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. விற்கிறவர் கைகழுவிக் காட்டினால் நம்பிவிடாதீர்கள் என்கிறோம்.

"சேர், ஊத்தினா வித்தியாசம் தெரியுது" என்பார்கள். தெரியும். நாலாயிரம் கொடுத்தவனுக்குத் தெரியாமல் போகுமா? வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காகவே அக்சலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்குகிறான். எங்களுடைய உண்மையான பயம் அதுதான். போத்தல் வேகத்தைக் கொடுக்காது, வேகமாகப் போக ஒரு சாட்டைக் கொடுக்கும். மேய்ச்சல் மாடுகள் குறுக்கே வரும், குர்ஆன் மத்ரஸா விட்டுப் பிள்ளைகள் வரும் தெரு நம்முடையது. ஓட்டப் போட்டிக்கென்றே அமைத்த தியத்தலாவை பொக்ஸ் ஹில் திடலில், 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி ஒரு கார் தடம் விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். கொடி காட்டுகிறவர்கள் நின்ற இடத்தில் அது நடந்தது. நமது சந்தியில் யார் கொடி காட்டுகிறார்கள்?

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களோடும் ஒரு பேச்சு. பிள்ளை வந்து "எஞ்சின் தட்டுது" என்றால் அது பெரும்பாலும் டெப்பட் சத்தம், அல்லது காபன் பிடித்த எஞ்சின், பழைய பிளக், அடைத்த எயார் பில்டர். நாலாம் கியரில் மெதுவாகப் போய் முறுக்கினாலும் தட்டும். ரோட்டோரக் கடையில் வாங்கிய போத்தல் பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தாலும் தட்டும். இதெல்லாம் உங்களுக்கு எங்களை விட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே போத்தலை எடுத்து நீட்டும்போது, அந்தப் பிள்ளையின் உம்மா இன்னொரு வீட்டின் பாத்திரம் கழுவிய காசை வாங்குகிறீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்களிடம் வந்த அமானிதம்.

இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலைக் கேற்றடியில் நிற்போம். கராஜ் வேலை தெரிந்த நமது பழைய மாணவர் ஒருவர் பிளக் சாவியோடு வருகிறார். பூஸ்டர் ஊற்றும் தம்பிமாரும் வரலாம், ஊற்றாதவர்களும் வரலாம். இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அந்தப் பல்சர்த் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான்.