புதுமனைக்குப் பெயர் வேண்டுமா?

திருவொற்றியூர், எண்ணூர் முதலிய வடசென்னைப் பகுதிகளில் நடந்து செல்வோர், வீடுகளின் நெற்றியில் பலவகைப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கக் காண்பர். சில வீடுகள் தெய்வத்தின் பெயரைத் தாங்கி நிற்கும். சில பெற்றோரின் பெயரைத் தாங்கி நிற்கும். அன்பு, அமைதி, உழைப்பு முதலிய பண்புகளின் பெயர்களும் ஆங்காங்கே விளங்கும். வேறு சில வீடுகளிலோ கதவு எண்ணைத் தவிர வேறு எழுத்தே இராது. புதிதாக வீடு கட்டுவோர், இவ்விரண்டு வழிகளுள் எதனை மேற்கொள்வது? இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும், ஆராய்ந்து பார்ப்பின் ஒரு குடும்பம் தன்னை எவ்வாறு மதிக்கிறது, ஊரோடு எவ்வாறு கலந்து வாழ எண்ணுகிறது என்பவை இதனுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குச் செல்கின்றன. வங்கிக் கடனும் சேர்ந்து, இரண்டு அறைகளும் ஒரு கூடமும் உள்ள வீடு எழுகிறது. புதுமனை புகுவிழாவுக்கு இன்னும் பத்து நாட்களே உள்ளன. கொத்தனார் முகப்பில் ஒரு பட்டையை வெறுமையாக விட்டு, ‘என்ன பெயர் எழுதுவது?’ என்று கேட்கிறார். தந்தை தம் தந்தையின் பெயரைச் சொல்கிறார். மகன் புதுமையான பெயர் ஒன்றைச் சொல்கிறான். மகளோ, ‘எண் ஒன்றே போதும்; பெயர் எதற்கு?’ என்கிறாள். நகைகளைக் கழற்றித் தந்த தாய் யாதும் பேசவில்லை. வடசென்னையில் மட்டுமன்றித் தமிழ்நாடு முழுவதும் நாள்தோறும் நிகழும் உரையாடல் இது.

பெயர் வேண்டா என்போர் கூறும் காரணங்கள் இகழத்தக்கன அல்ல. வீட்டிற்குப் பெயரிடுவது செல்வரின் பெருமிதம் என்பர் சிலர். அமைதி என்று எழுதிய வீட்டிலிருந்து ஓயாத பூசல் கேட்பதையும், அன்பு என்று எழுதிய வீட்டில் முதிய பெற்றோர் ஒதுக்கப்பட்டுக் கிடப்பதையும் எடுத்துக்காட்டி நகைப்பர் வேறு சிலர். தபால்காரருக்கு எண் போதும், வரி வாங்கும் மாநகராட்சிக்கும் எண் போதும், ஆதலின் பெயர் வெறும் அணியே என்பது அவர்தம் முடிபு.

இவற்றுள் எண்ணைப் பற்றிய வாதத்தை முதலில் நோக்குவோமாயின், எண் யாருக்காகப் பிறந்தது என்பதை அறிதல் வேண்டும். ஐரோப்பாவில் ஆஸ்திரிய நாட்டை ஆண்ட மரியா தெரசா என்னும் பேரரசி, 1770-ஆம் ஆண்டில் வீடுகளுக்கு எண்ணிடுமாறு ஆணையிட்டாள். எந்த வீட்டில் படைக்கு ஆகும் ஆடவர் உளர் என்று கணக்கெடுப்பதே அதன் நோக்கம். எண் ஆட்சியின் வசதிக்காக ஏற்பட்டது. அதனால் பயன் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால், இட்டவரே அதனை மாற்றவும் வல்லவர். சென்னை நகரின் முகவரிகளில் ‘பழைய எண்’, ‘புதிய எண்’ என இரண்டு எண்கள் அடுத்தடுத்து நிற்பதைக் காணாதார் யார்? புதிய எண்ணைச் சொன்னால் பழையவர்க்குத் தெரியாது. பழைய எண்ணைச் சொன்னால் புதியவர்க்குத் தெரியாது. இறுதியில் வழி கேட்பவர், ‘வேப்ப மரத்துக்கு எதிர் வீடு’ என்றே சென்று சேர்கிறார்.

இதனால் ஓர் உண்மை விளங்குகிறது. வீட்டுக்காரர் பெயரிட்டாலும் இடாவிட்டாலும், ஊரார் ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு பெயர் வைத்தே தீர்வர். மெத்தை வீடு, கிணற்று வீடு, வாத்தியார் வீடு, தையற்காரர் வீடு என்றெல்லாம் மக்கள் வழங்குவன எந்தச் சுவரிலும் எழுதப்பட்டவை அல்ல. ஆகவே வீட்டிற்குப் பெயர் வேண்டுமா என்பது உண்மையான வினா அன்று. ஊரார் வாயில் வழங்கும் பெயரோடு, வீட்டுக்காரர் நெஞ்சில் கொண்ட பெயர் பொருந்துமா என்பதே வினா.

ஊரார் நாவின் ஆற்றலுக்குத் திருவொற்றியூரிலேயே ஒரு சான்று உண்டு. 1717 முதல் 1720 வரை சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக விளங்கியவர் ஜோசப் காலெட். அவர் காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றி ஓர் ஊர் அமைக்கப்பட்டது. ஆளுநரின் பெயரால் அது காலெட் பேட்டை எனப்பட்டது. தறியில் அமர்ந்த மக்களுக்கு அந்த அயற்பெயர் நாவில் நிற்கவில்லை. காலெட் பேட்டை நாளடைவில் காலடிப்பேட்டை ஆயிற்று. இன்று அவ்விடத்து மெட்ரோ இரயில் நிலையத்திலும் காலடிப்பேட்டை என்றே எழுதப்பட்டுள்ளது. அங்கு நாள்தோறும் இறங்குவோருள் ஆளுநரை நினைப்பவர் எத்தனை பேர்? அதிகாரத்தில் இருந்தவரின் பெயர் மறைந்தது. மக்கள் தம் நாவுக்கு ஏற்ப வழங்கிய பெயர் நிலைத்தது.

அங்கிருந்து வடக்கே சிறிது தொலைவு சென்றால் விம்கோ நகர் வருகிறது. தீப்பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களைச் சேர்த்துச் சொல்லும் சொல்லே விம்கோ என்பது. அத்தொழிற்சாலையை ஒட்டி வாழ்ந்த மக்கள் அச்சொல்லைத் தம் ஊர்ப் பெயராக்கிக் கொண்டனர். புறநகர் இரயில் நிலையமும் அப்பெயர் பெற்றது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையமும் அப்பெயர் பெற்றது. ஆளுநரின் பெயரைத் திரித்து வழங்கிய மக்கள், தமக்குச் சோறிட்ட ஆலையின் பெயரைச் சிதையாமல் காத்தனர். நாவுக்கு எளிதாகவும் வாழ்வோடு ஒட்டியதாகவும் உள்ள பெயரே நிலைக்கும் என்பதற்கு இவ்விரண்டு ஊர்களும் அருகருகே நின்று சான்று பகர்கின்றன.

வீட்டிற்கு இட்ட பெயர் ஊருக்கே பெயரானதும் உண்டு. வங்காளத்தில் தேவேந்திரநாத் தாகூர் என்னும் பெரியார், 1863-ஆம் ஆண்டில் போல்பூர் அருகே வறண்ட நிலம் ஒன்றைப் பெற்று, அங்கே ஒரு மனை எழுப்பிச் சாந்திநிகேதனம் எனப் பெயரிட்டார். அமைதியின் உறைவிடம் என்பது அதன் பொருள். அவர் மைந்தர் இரவீந்திரநாதர் 1901-இல் அங்கே மரநிழலில் பள்ளி தொடங்கினார். இன்று சாந்திநிகேதனம் என்பது ஒரு வீட்டைக் குறிப்பதன்று; அவ்வூரையே குறிக்கிறது. தந்தை சுவரில் எழுதிய சொல்லுக்கு மகன் தன் வாழ்நாளால் பொருள் தந்தார். அலகாபாத்தில் மோதிலால் நேரு தம் இல்லத்தை ஆனந்த பவனம் என்று அழைத்தார். 1930-இல் அதனை நாட்டு விடுதலைப் பணிக்கு ஈந்தபோது, அது சுயராஜ்ய பவனம் எனப் பெயர் மாறியது. அருகில் எழுந்த புதிய இல்லம் பழைய பெயரை ஏற்றது. வீட்டின் பயன் மாறியதும் பெயரும் மாறியமை கருதத்தக்கது.

பெயரிடுதல் வெறும் பெருமிதம் என்பாருக்கு இவ்விடத்தில் விடை கிடைக்கிறது. பெருமை பேசும் பெயர் பெருமிதமே. ஆனால் கடமையை நினைவூட்டும் பெயர் ஓர் உறுதிமொழி. ஆந்திரத்தில் குடும்பப் பெயரை ‘இண்டி பேரு’ என்பர். வீட்டின் பெயர் என்பதே அதன் பொருள். கேரளத்தில் பலருடைய பெயருக்கு முன் நிற்கும் எழுத்து அவர்தம் வீட்டுப் பெயரின் எழுத்தே. ஒருவர் செய்யும் நன்மையும் தீமையும் அங்கே வீட்டின் பெயரைச் சென்று சேர்கின்றன. அமைதி என்று எழுதிய வீட்டில் பூசல் எழுமாயின், குற்றம் பெயருடையது அன்று. அப்பெயரைப் பார்த்துப் பார்த்து வாசலைக் கடந்தும் திருந்தாதவர் குற்றமே அது. அப்பெயர் இல்லாதிருந்தால் ஊரார் நகைக்கவும் இடமிராது. வீட்டார் நாணவும் இடமிராது. நாணச் செய்வதும் பெயரின் பயன்களுள் ஒன்று.

இனி, யார் பெயரை இடுவது? இங்கேதான் பல குடும்பங்கள் தவறுகின்றன. எண்ணூரில் 1948-இல் மோட்டார்த் தொழிற்சாலை தொடங்கிய ரகுநந்தன் சரண், தம் மகன் அசோக்கின் பெயரை அந்நிறுவனத்திற்குச் சூட்டினார். அப்பெயர் இன்றும் நாடெங்கும் ஓடும் வண்டிகளில் விளங்குகிறது. பெற்றோர் மக்கள்மேல் கொண்ட அன்பு இயல்பானது. மக்கள் பெற்றோரை நினைப்பதும் இயல்பானது. ஆனால், வீடு எழுவதற்குத் தம் பொருளை ஒற்றி வைத்தவரை மறந்துவிடுதல் முறையாகுமா? ஒற்றி என்னும் சொல் ஈடாக வைத்தலைக் குறிப்பது. அச்சொல்லையே தன் பெயரில் உடையது திருவொற்றியூர். அவ்வூரில் எழும் வீடுகளுள் பல, பெண்களின் நகைகளை ஈடாக வைத்து எழுந்தவையே. அந்த நகைகள் மீண்டன சில, மீளாதன பல. முகப்பில் ஆடவர் பெயரை மட்டும் பொறிப்பது, கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது போன்றதாகும். பேசாதிருந்த தாயிடம் பெயர் கேட்டல், வீட்டிற்குக் கால்கோள் இடுவதற்கு ஒப்பான கடமை.

கடற்கரையை ஒட்டி வாழ்வோருக்கு இவ்வினா மேலும் ஆழமானது. 1870-களில் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியபின், வடக்கு நோக்கிச் செல்லும் மணலைத் துறைமுகச் சுவர்கள் தடுத்தன. தெற்கே மெரினாவில் மணற்பரப்பு விரிந்தது. வடக்கே இராயபுரம் முதலாகக் கடல் கரையை அரித்தது. பல தலைமுறைகளாகப் பரதவர் வீடுகள் பல அலைக்கு இரையாயின. கருங்கற்களைக் கொட்டி அணை அமைத்த பின்னும் அச்சம் முற்றும் நீங்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. சுவர்களில் கருங்கறை படிந்தது. சுவரே நிலையில்லாத இடத்தில் சுவரில் எழுதும் பெயரால் யாது பயன் என்று கேட்கலாம். அத்தகைய வெள்ள நாளில் எந்த மாடி வீட்டின் கதவு அண்டை வீட்டாருக்குத் திறந்ததோ, அந்த வீட்டின் பெயர் சுவரை நம்பி நிற்பதில்லை. சுவர் வீழ்ந்த பின்னும், ‘அன்று எங்களை ஏற்ற வீடு’ என்று அது வாழும்.

சொந்த மனை இல்லாதோர் செய்வது என்ன? அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர், கட்டட எண்ணாலும் கதவு எண்ணாலும் குறிக்கப்படுகின்றனர். வாடகைக்குக் குடியிருப்போர்க்கு முகப்பில் எழுதும் உரிமை இல்லை. ஆயினும், தெருக்குழாயில் நீர் வராத நாளில் தம் குடத்து நீரைப் பகிர்ந்து கொள்பவரை, மாலையில் ஏழைச் சிறுவர்க்குப் பாடம் சொல்லித் தருபவரை, ஊர் எண்ணால் அழைப்பதில்லை. அவர்தம் வாசலுக்கு ஊரே பெயர் சூட்டிவிடுகிறது. அப்பெயரைப் பெறுவதற்குப் பட்டாவும் வேண்டா. பளிங்குக் கல்லும் வேண்டா.

ஆகவே, புதுமனைக்குப் பெயர் இடுதலே நன்று. ஆனால் அது தெருவில் விளையாடும் சிறுவனும் பிழையின்றிச் சொல்லக்கூடிய எளிய பெயராக இருத்தல் வேண்டும். வீட்டிற்காகத் தேய்ந்த கைகளை நினைப்பதாக இருத்தல் வேண்டும். அதன்படி வாழ முடியும் என்று வீட்டார் நம்பும் பெயராகவும் இருத்தல் வேண்டும். இவை பொருந்தாவிடில், கொத்தனார் விட்ட பட்டை வெறுமையாகவே இருக்கட்டும். ஓராண்டு அங்கு வாழ்ந்து பார்த்து, அக்கம்பக்கத்தார் அவ்வீட்டை எவ்வாறு அழைக்கின்றனர் என்று கேட்டறிந்து, பின்னர் எழுதினாலும் குறையில்லை. எழுத்தைக் கொத்தனார் ஒரு நாளில் பொறித்துவிடுவார். அதற்குரிய பொருளை வீட்டார் நாள்தோறும் ஈட்டுதல் வேண்டும்.