நினைவகம் எவ்வளவு வேண்டும்?

புகைப்படங்களைத் திருத்தக் கணிப்பொறி வாங்கச் சென்றால், "32 ஜிகாபைட் நினைவகம் இல்லாமல் முடியாது" என்பார் கடைக்காரர். அதை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. பெருக்கத் தெரிந்த எவரும் தாமே கணக்கிட்டு அறியலாம்.

ஒரு படத்தில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். எண்ணுக்கு 2 பைட் வீதம் புள்ளிக்கு 6 பைட். படத்திற்கு 144 மெகாபைட். வட்டில் இதே படம் 10 மெகாபைட்டுக்குள் அடங்கலாம். அது சுருக்கி வைத்த நிலை. திருத்தும்போது விரிந்தே ஆகவேண்டும். 10 அடுக்குகள் வைத்தால் 1,440 மெகாபைட், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஜிகாபைட். இயக்க முறைமைக்கும் திருத்தும் மென்பொருளுக்கும் மேலும் சில ஜிகாபைட். ஆக, 16 தாராளம். கைபேசிப் படங்களைச் சிறிது திருத்த 8 போதும். பல படங்களை ஒட்டி மாபெரும் படம் செய்வோருக்கே 32 தேவைப்படும்.

நினைவகம் போதாவிட்டால் கணிப்பொறி வட்டைத் துணைக்கு அழைக்கும். வட்டு பன்மடங்கு மெதுவானது, வேலை தவழும். ஆனால் போதுமான அளவுக்கு மேல் சேர்த்தால் வேகம் கூடிவிடாது. நிரம்பாத குடத்தைப் பெரிதாக்கி என்ன பயன்?

பல மடிக்கணிப்பொறிகளில் பின்னர் நினைவகம் சேர்க்க இயலாது. எனவே, மாணவர்களே, வாங்குமுன் கணக்கிடுங்கள். பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணம் விளம்பரத்திற்காக அன்று, தேவைக்காகவே செலவாகட்டும்.