வெயில் கூடினால் சோலார் கூடுமா?

"சார், இனி வெயில் ஏறத்தான் போகுது. உங்க சோலார் மோட்டாருக்கு யோகம்தான்!" என்றார் போன வாரம் சந்தையில் ஒரு தம்பி. நானும் மூணு வருஷம் முன்னாடி அப்படித்தான் நினைச்சேன்.

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதுக்கு ஆகாது. பேனலில் எழுதியிருக்கும் வாட் கணக்கு 25 டிகிரியில் அளந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் மின்சாரம் குறையும். எங்கள் கரூர்ப் பக்கம் சித்திரையில் 40 டிகிரி சாதாரணம். வெயிலில் கிடக்கும் பேனல் காற்றைவிட இன்னும் 25 டிகிரி கூடுதலாகச் சுடும். ஆக 65. கணக்குப் போட்டால் 16 சதவீதம் போச்சு. நூறு ரூபாய் டெபாசிட்டில் பதினாறு ரூபாயைச் சேவைக் கட்டணம்னு பிடிச்ச மாதிரி!

பருவநிலை மாறி இன்னும் 2 டிகிரி ஏறினால், மேலும் ஒரு சதவீதம்கூடக் குறையாது. அதுக்காகப் பதற வேண்டாம். மேகமும் புகையும் தூசியும்தான் பெரிய விஷயம். வரும் காலத்தில் இந்தியாவில் தரைக்கு வந்து சேரும் சூரிய ஒளி குறையலாம் என்று புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் 2022-இல் கணித்திருக்கிறார்கள். கணிப்புதான். ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது. சோகையையும் குப்பையையும் கொளுத்துகிறவர்கள் அதையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

வங்கியில் 30 வருஷம் கடன் மனு பார்த்தவன் நான். கறவை மாட்டுக் கடனுக்குக்கூடப் பால் வற்றும் நாட்களைக் கழிச்சுத்தான் வருமானம் போடுவோம். எனக்குப் பேனல் விற்றவர் நீட்டின தாளில் 25 வருஷமும் ஒரே வெயில், ஒரே தண்ணீர். கையெழுத்துப் போட்டவனும் நான்தான், வேற யாரைச் சொல்ல?

சித்திரையில்தான் கிணற்று மட்டம் இறங்குகிறது. பேனல் சோர்வதும் பயிர் தவிப்பதும் அதே மாசம். "பெரிய மோட்டாரா போட்டுடுங்க" என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இலவச மின்சாரம் வந்த பிறகு நம்ம போர்கள் எத்தனை நூறு அடி கீழே போச்சுன்னு எல்லோருக்கும் தெரியும். பில் இல்லாத வெயிலும் அதையே செய்யும்.

நான் ஒரு தொட்டி கட்டினேன். காலை வெயிலில் ஏறும் தண்ணீரை நிரப்பி வைத்து, சாயங்காலம் சொட்டுநீரில் விடுகிறேன். கத்தரிக்கு நடுவே மூடாக்கு போட்ட பிறகு தினம் பாய்ச்சியது மூணு நாளுக்கு ஒரு தடவை ஆகிவிட்டது. பேனலுக்குக் கீழே காற்று போக இடம் விட்டேன். விடியற்காலையில் கழுவுகிறேன், போர் தண்ணியில் இல்லை, உப்பு படிஞ்சிடும். உச்சி வெயிலில் தண்ணி ஊத்தவே கூடாது, கண்ணாடி விரிசல் விடும்.

சோலார் வைத்திருப்பவர்கள் தையில் ஒரு நாள், சித்திரையில் ஒரு நாள், ஒரே நேரத்தில் தொட்டி நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு குறிச்சு, கிணற்று மட்டத்தோடு சேர்த்து இதழுக்கு எழுதுங்க. என்னுடையது தையில் 40 நிமிஷம், சித்திரையில் 55.